நெடுஞ்சாலையில நாய்க்கும் ஒரு நிழல் வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஹைவேஸ்ல புதுசா கட்டுற ஓய்விடங்களைப் பத்தி உங்க பேப்பர்ல அப்பப்ப செய்தி வருது. ஃபுட் கோர்ட், சுத்தமான டாய்லெட், குழந்தைங்க விளையாட இடம், எலக்ட்ரிக் காருக்கு சார்ஜர், லாரி டிரைவருங்க படுத்து எந்திரிக்க ரூம். எல்லாமே தேவையான விஷயம்தான், சந்தோஷம். அந்த லிஸ்ட்ல இன்னும் ஒண்ணே ஒண்ணு சேருங்கன்னு கேட்கத்தான் இந்த லெட்டர். நாயோட வர்றவங்களுக்கு நாலு பக்கமும் வேலி போட்ட ஒரு துண்டு இடம், அதுல ஒரு மரம், ஒரு தண்ணிக் குழாய். அப்புறம் பக்கத்துல கால்நடை ஆஸ்பத்திரி எந்த ஊர்ல இருக்கு, எத்தனை கிலோமீட்டர்னு ரோட்டோரமா ஒரு போர்டு.

நாங்க மதுரை. கன்னியாகுமரில இருந்து ஸ்ரீநகர் வரைக்கும் 3,700 கிலோமீட்டருக்கு மேல போற என்எச் 44 எங்க ஊர் வழியாத்தான் போகுது. அந்த ரோட்டை ஒரு தடவையாவது கடைசி வரைக்கும் ஓட்டிப் பார்க்கணும்னு எங்க வீட்டுக்காரருக்கு ரொம்ப நாள் ஆசை, எனக்கும்தான். வீட்ல செவலைன்னு ஒரு சிப்பிப்பாறை நாய்ப் பொண்ணு இருக்கா, அவளை விட்டுட்டு எங்கயும் போக முடியாது, போர்டிங்ல விட்டா தட்டை முகர்ந்துகூட பார்க்காம வாசலையே பார்த்துட்டு படுத்துக் கிடப்பா. அதனால தீபாவளி வெடிச் சத்தமெல்லாம் அடங்கின கையோட போன வருஷம் நான், வீட்டுக்காரர், பையன், செவலை நாலு பேரும் கிளம்பினோம்.

ஏன் கார்ல போகணும், ரயில் இல்லையா ஃபிளைட் இல்லையான்னு நிறைய பேர் கேட்டாங்க. ரயில்ல நாயைக் கூடவே வச்சுக்கணும்னா ஃபர்ஸ்ட் ஏசியில ரெண்டு பெர்த் கூபேயோ நாலு பெர்த் கேபினோ முழுசா நம்ம பேர்ல கிடைக்கணும், இல்லன்னா கார்டு பெட்டியில இருக்கிற கூண்டுல அது தனியா கிடக்கணும். ஃபிளைட்ல ஒண்ணு ரெண்டு கம்பெனி கேபின்ல விடுறாங்க, அதுவும் மடியில வைக்கிற சைஸ் நாயை மட்டும்தான். இருபது கிலோகிட்ட இருக்கிற நாய்னா சரக்கோட சரக்கா கீழதான் போகணும். ஆக நாட்டு நாய், லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு வச்சிருக்கிற சாதாரண குடும்பத்துக்கு நிஜமான வழி ரோடு மட்டும்தான். அந்த ரோட்டுல நாய்க்குன்னு என்ன இருக்குன்னு பார்த்தா ஒண்ணுமே இல்ல.

சிப்பிப்பாறையைத் தெரிஞ்சவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, முயல் வேட்டைக்குன்னே நம்ம பக்கம் தலைமுறை தலைமுறையா வளர்த்த இனம். கண்ணு முன்னாடி ஒரு ஆட்டுக்குட்டி துள்ளி ஓடினா போதும், கூப்பிட்டாலும் காதுல விழாது, காலு தானா கிளம்பிரும். அவ்வளவு வேகத்துல ஓடுற நாய் நாலு வழிச்சாலை ஓரத்துல கயிறு நழுவினா என்ன ஆகும்னு நினைச்சாலே வயித்தைக் கலக்குது. அதனால கழுத்துப்பட்டை ஒண்ணு, உடம்புல போடுற ஹார்னஸ் ஒண்ணு, ரெண்டுக்கும் தனித்தனி கயிறு, கார் கதவைத் திறக்கிறதுக்கு முன்னாடியே ரெண்டும் பையன் கையில இருக்கணும்னு ஒரு கட்டுப்பாடு வச்சிருந்தோம். வண்டி ஓடும்போது ஹார்னஸ்ல இருந்து சீட் பெல்ட்டுல மாட்டுற கிளிப், கழுத்துல மாட்டவே கூடாது, சடன் பிரேக் போட்டா கழுத்து போயிரும். ஜன்னல் வழியா தலையை நீட்ட விடுறதை நிறைய பேர் ஆசையா ஃபோட்டோ எடுக்குறாங்க, தயவுசெஞ்சு வேணாம், தூசியும் பூச்சியும் நேரா கண்ணுல அடிக்கும்.

ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி அவளை நடக்க விடுவோம். இந்த நிறுத்துற இடத்துலதான் எல்லா கஷ்டமும். முன்பக்கம் பார்த்தா பளபளன்னு டைல்ஸு, லைட்டு, காபி கடை. நாயோட உள்ள வராதீங்கன்னு செக்யூரிட்டி சொல்றாரு, சரி நியாயம்தான், சாப்பிடுற இடம். அப்ப எங்க கூட்டிட்டுப் போறதுன்னு கேட்டா கையை பின்பக்கம் நீட்டுறாரு. பின்பக்கம்னா ஜெனரேட்டர், குப்பை, எண்ணெய் கசிஞ்ச மண்ணு, உடைஞ்ச பாட்டிலு. நாகர்கோவில்ல இருந்து ஜம்மு வரைக்கும் இதுல மட்டும் பாஷை வித்தியாசம் கிடையாது.

அப்படி ஒரு பின்பக்கத்துலதான், தெலங்கானாவுல ஆதிலாபாத்துக்கு முன்னாடி, பொழுது சாய்ஞ்ச நேரம், செவலை முன்னங்காலை தூக்கிட்டு நின்னுட்டா. டார்ச் அடிச்சுப் பார்த்தா உள்ளங்கால் மெத்தையில பாட்டில் கண்ணாடி ஏறி குறுக்க கிழிச்சிருக்கு, ரத்தம் சொட்டுச் சொட்டா மண்ணுல விழுது. அவ சத்தம்கூட போடல, காலை மட்டும் என் கையில குடுத்துட்டு மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா. அங்க நின்ன லாரியில இருந்து ஒருத்தர் இறங்கி வந்தாரு, "என்னம்மா, ராஜபாளையமா?"ன்னு தமிழ்ல கேட்டாரு. "இல்லண்ணே, சிப்பிப்பாறை"ன்னேன். நாமக்கல்காரர். இந்தியாவுல எந்த மூலைக்குப் போனாலும் ஒரு நாமக்கல் லாரி நிக்கும்னு சொல்வாங்க, அன்னிக்கு அது எங்களுக்கு சாமி மாதிரி நின்னுச்சு. கேபின்ல இருந்து கேன் தண்ணி எடுத்து வந்து அவரே ஊத்தினாரு, என் வீட்டுக்காரர் காலைப் பிடிச்சாரு, நான் கண்ணாடித் துண்டை எடுத்துட்டு சலைன் விட்டு கழுவி, காஸ் வச்சு அழுத்திப் பிடிச்சு, விரலுக்கு நடுவுல எல்லாம் பஞ்சு வச்சு கட்டு போட்டேன், அது மேல பையனோட சாக்ஸை மாட்டி விட்டோம்.

அடுத்து டாக்டரைத் தேடணும். சாயந்திரம் அரசு கால்நடை ஆஸ்பத்திரி பூட்டியிருக்கும். ஃபோன்ல தேடினா வர்ற நம்பர் பாதி எடுக்கல, எடுத்த ஒருத்தர் எருமை மட்டும்தான் பார்ப்பேன்னுட்டாரு. ரோட்டோரத்துல அடுத்த பெட்ரோல் பங்க் எங்க, அடுத்த டோல் எங்க, மனுஷங்களுக்கு ஆஸ்பத்திரி எங்கன்னு எல்லாத்துக்கும் போர்டு இருக்கு, இதுக்கு மட்டும் இல்ல. ராத்திரியோட ராத்திரியா நாக்பூர் போய்ச் சேர்ந்து மறுநாள் காலையில ஒரு கால்நடை ஆஸ்பத்திரியில காட்டினோம். அந்த டாக்டரம்மா கட்டைப் பிரிச்சுப் பார்த்துட்டு, நேத்தே வந்திருந்தா தையல் போட்டிருக்கலாம், இப்ப நேரம் தாண்டிருச்சு, தைச்சா உள்ள சீழ் கட்டும், திறந்தபடியே ஆற வைப்போம்னு சொல்லி சுத்தம் பண்ணி ஊசி போட்டு அனுப்பினாங்க. அவ ஊணி நடக்கிற வரைக்கும் நாங்க நாக்பூரை விட்டு நகரல.

அப்ப ரூம்ல உட்கார்ந்து மேப்பைப் பார்த்துட்டு இருந்தப்பதான் ஒரு விஷயம் கவனிச்சேன், இதுக்காகத்தான் முக்கியமா எழுதுறேன். இந்த ஒரே ரோட்டுல எத்தனை கால்நடை மருத்துவக் கல்லூரி வரிசையா இருக்குன்னு பாருங்க. திருநெல்வேலியில ஒண்ணு, நாமக்கல்ல ஒண்ணு, பெங்களூர்ல ஹெப்பால், ஹைதராபாத்ல ராஜேந்திரநகர், நாக்பூர், மதுரா, பஞ்சாப்ல லூதியானா, ஜம்மு பக்கம் ஆர்.எஸ்.புரா, ஸ்ரீநகர் தாண்டி ஷுஹாமா. ஒவ்வொண்ணுலயும் டாக்டருங்க இருக்காங்க, எக்ஸ்ரே இருக்கு, ஆபரேஷன் தியேட்டர் இருக்கு. அதாவது வசதியே இல்லாத நாடு இல்ல இது. இருக்கிற வசதியை ரோட்டுல போறவனுக்குக் காட்ட ஒரு போர்டு இல்ல, அவ்வளவுதான் குறை. அந்த போர்டுக்கு என்ன பெரிய செலவு ஆகப்போகுது? 1962ன்னு கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் பல மாநிலத்துல ஓடுது, முக்கியமா ஆடு மாட்டுக்காகத்தான் அது வந்துச்சு, ஆனா அந்த நம்பரையாவது 1033 ஹைவே ஹெல்ப்லைன் நம்பருக்குக் கீழயே எழுதி வைக்கலாமே. அடிபட்டுக் கிடக்கிற மாட்டுக்கும் அது உதவும், நாய்க்காரங்களுக்கு மட்டும்னு நான் கேட்கல.

நாக்பூரைத் தாண்டி சிவனி போற வழியில பெஞ்ச் புலிகள் காப்பகம். அந்த இடத்துல ரோட்டை தூண் மேல உயரத்துல கட்டியிருக்காங்க, கீழ காட்டு விலங்குங்க குறுக்க போறதுக்கு வழி. ஒரு பாலம் 750 மீட்டர் நீளம். பல வருஷம் கோர்ட்டு கேஸுன்னு இழுத்துத்தான் அது வந்துச்சு, ஆனா வந்துச்சு, இன்னிக்கு புலி, மான், செந்நாய் எல்லாம் அடியில நடந்து போறது கேமராவுல பதிவாகுது. மேல நம்ம கார் போகும்போது அதை நினைச்சு எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு. அங்க நாங்க வண்டியை நிறுத்தவே இல்ல, சிறுத்தைக்கு நாய்னா ரொம்ப இஷ்டம், காட்டுப் பகுதியில நாயை இறக்கவே கூடாது. நான் சொல்ல வர்றது, புலிக்கு வழி விட்டுக் கட்டத் தெரிஞ்ச அதே நெடுஞ்சாலைத் துறைக்கு பத்து அடி வேலியும் ஒரு வேப்ப மரமும் கஷ்டமே இல்ல.

சாப்பாடு ஒரு பிரச்சனையே இல்லைங்க, இதை தைரியமா சொல்லலாம். எந்த தாபாவுலயும் சாதா சாவல், உப்பு மசாலா வேணாம், தஹி குடுங்கன்னு கேட்டா தயிர் சோறு ரெடி. அவிச்ச முட்டை எங்கயும் கிடைக்கும். கிரேவி மட்டும் வேணாம், வெங்காயம் பூண்டு நாய் ரத்தத்தையே கெடுக்கும். பாசத்துல யாராவது சிக்கன் எலும்பு போட வருவாங்க, சமைச்ச எலும்பு ஊசி ஊசியா உடைஞ்சு குடலைக் குத்தும், வேணாம்னு கும்பிட்டு சொல்லிரணும். கிளம்புறதுக்கு மூணு மணி நேரம் முன்னாடியே சாப்பாட்டை முடிச்சுட்டா வாந்தி வராது. தண்ணி மட்டும் கேன் தண்ணிதான், ஊருக்கு ஊர் குழாய்த் தண்ணி மாத்தினா வயித்தால போகும்.

கார்ல நாயைப் பூட்டி வச்சுட்டு சாப்பிடப் போறவங்களை வழி நெடுக பார்த்தேன், இதைப் பத்தி கொஞ்சம் கோபமாவே எழுதுறேன். ஜன்னலை ரெண்டு இஞ்சு இறக்கி விட்டுட்டேன்னு சொல்றாங்க, அது பத்தாது. வெளிய 30 டிகிரி இருந்தாலே பத்து நிமிஷத்துல பூட்டின காருக்குள்ள 40ஐத் தொட்டுரும். நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கும், நாய்க்கு பாதத்துல தவிர வேர்வை கிடையாது, நாக்கைத் தொங்கப் போட்டு இளைச்சுத்தான் சூட்டை வெளிய விடணும், சுத்தி இருக்கிற காத்தே கொதிச்சா அது எப்படி விடும்? அதோட உடம்பு சூடு சாதாரணமாவே 38, 39 டிகிரி, 41ஐத் தாண்டினா உயிருக்கு ஆபத்து. பக் மாதிரி மூக்கு சப்பையான நாய்னா இன்னும் சீக்கிரம். நாங்க மூணு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டது வெளிய கயித்துக் கட்டில் போட்ட தாபாவுல மட்டும்தான், மத்த இடத்துல ஒருத்தர் மாத்தி ஒருத்தர். ஆக்ரால தாஜ்மஹாலுக்குள்ள நாயை விடமாட்டாங்க, அதுவும் சரிதான், நான் செவலையோட வெளிய மர நிழல்ல இருந்தேன், அவங்க ரெண்டு பேரும் வந்ததும் நான் போய்ப் பார்த்துட்டு வந்தேன். நேரம் ரெண்டு மடங்கு ஆகும், ஆகட்டும். ஓய்விடத்துல நிழலோட வேலி போட்ட இடம் இருந்தா நாயைக் கார்ல பூட்டுறதுக்கு யாருக்கும் காரணமே இருக்காது, கேட்கிறதே அதுக்குத்தான்.

ஹோட்டல் கதை தனி. பெட் ஃப்ரெண்ட்லின்னு ஆப்ல போட்டிருக்கும், பணமும் கட்டியிருப்போம், ராத்திரி எட்டு மணிக்குப் போய் நின்னா சின்ன நாய்னு நினைச்சோம், இவ்வளவு பெருசு ஆகாதுன்னு சொல்வாங்க. ஜான்சி தாண்டி ஒரு ஊர்ல அப்படித்தான் ஆச்சு, கட்டின பணமும் திரும்ப வரல. அதுக்கப்புறம் ஒவ்வொரு ஊருக்கும் முன்னாடியே நேரா ஃபோன் பண்ணி, நாய் இவ்வளவு உயரம், இவ்வளவு எடை, ரூம்லயே படுக்கும், தடுப்பூசி கார்டு இருக்குன்னு எல்லாத்தையும் சொல்லி, வாட்ஸப்ல ஃபோட்டோவும் அனுப்பி சரின்னு எழுத்துல வாங்கிட்டுத்தான் போவோம். சின்ன லாட்ஜ்காரங்கதான் பெரிய மனசா இருந்தாங்க. குவாலியர்ல ஒரு பெரியவர் முதல்ல முடியாதுன்னாரு, அப்புறம் ரேபிஸ் ஊசி போட்ட புக்கைக் காட்டினதும் தேதியை ஒண்ணு விடாம படிச்சுப் பார்த்துட்டு கீழ்த்தளத்துலயே ரூம் குடுத்தாரு. சென்னையில இப்ப வளர்ப்பு நாய்க்கு லைசென்ஸும் மைக்ரோசிப்பும் கட்டாயம் ஆக்கியிருக்காங்க, மத்த ஊர்லயும் வரட்டும், வழியில தொலைஞ்சா திரும்பக் கிடைக்க அது ஒண்ணுதான் நம்பிக்கை.

வடக்க போகப் போக செவலையைப் பார்க்க கூட்டம் கூடிரும். யே கௌன்சா நஸல் ஹை, அதாவது இது என்ன இனம்னு கேட்பாங்க, ஒல்லியா விலா எலும்பு தெரியுற மாதிரி இருக்கிறதால சாப்பாடே போடுறதில்லையான்னு ஒரு அம்மா ரொட்டியோட வந்துட்டாங்க. இந்த இனத்துக்கு உடம்பே இப்படித்தான்மான்னு சொல்லி புரிய வைக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆகிரும். ஹரியானாவுல கர்னால் தாண்டும்போது பையன் சொன்னான், நாட்டு ஆடு மாடு நாய் இனங்களைப் பதிவு பண்ற தேசிய நிறுவனம் இந்த ஊர்லதான் இருக்கு, ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கர்நாடகா முதோலும் அங்க பதிவான நாய் இனங்கள், 2025ல இமாச்சலத்து கத்தி (Gaddi) இன நாயும் சேர்ந்திருக்குன்னு. கேட்கவே பெருமையா இருந்துச்சு. ஆனா அந்த ஊரைச் சுத்தி அப்ப வைக்கோல் எரிக்கிற புகை, கண்ணைத் திறக்க முடியல, ஏசியை உள்காத்துலயே சுத்த விட்டு லூதியானா தாண்டுற வரைக்கும் ஜன்னலே திறக்கல.

ஜம்மு தாண்டினா ரோடு வேற மாதிரி. செனானி நாஷ்ரி சுரங்கம் 9 கிலோமீட்டருக்கு மேல, பனிஹால் காசிகுண்ட் சுரங்கம் எட்டரை கிலோமீட்டர், இந்த ரெண்டும் வந்ததுல இருந்து வழி எவ்வளவோ சுலபம்னு சொன்னாங்க. ஆனா நடுவுல ராம்பன் பக்கம் மண் சரிஞ்சா மணிக்கணக்கா நிக்கணும், போக்குவரத்து போலீஸ் தினமும் அறிவிப்பு போடுறாங்க, அதைப் பார்க்காம கிளம்பக் கூடாது. நாங்க நின்னப்ப எதிர்ல பக்கர்வால் ஜனங்க ஆட்டு மந்தையோட மலையை விட்டு கீழ இறங்கி வந்தாங்க, குளிருக்கு முன்னாடி ஜம்மு பக்கம் வந்துருவாங்களாம். ரோடு முழுக்க ஆடு, நடுவுல குதிரை மேல சட்டி பானை, கூடவே கரடி சைஸ்ல அவங்க நாய். செவலை சீட்டுல எந்திரிச்சு நின்னுட்டா, உடம்பெல்லாம் நடுங்குது, குரைக்கல, அந்தப் பெரிய நாய் எங்க கதவுக்குப் பக்கத்துல வந்து ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துட்டு அதோட ஆடு பின்னாடியே போயிருச்சு, அதுக்கு அதோட வேலை.

ஸ்ரீநகர் ராத்திரிக் குளிர் நம்ம ஊர் நாய்க்கு தாங்காது. சிப்பிப்பாறைக்கு முடியே கிடையாது, உள்முடி சுத்தமா இல்ல, வெயிலுக்காகப் பிறந்த உடம்பு. ஸ்வெட்டர், வெந்நீர்ப் பை, கம்பளி எல்லாம் போட்டும் அவ எங்க நடுவுல வந்துதான் படுத்தா. அங்க இருந்து ஜோஜிலா ஏறி லடாக் போலாமேன்னு பையன் ஆசைப்பட்டான். லே ஊரே 3,500 மீட்டர் உயரம், நமக்கே தலை சுத்தும், எனக்கு மூச்சு முட்டுதுன்னு சொல்ல அவளுக்கு வாய் இல்ல. வேணாம்னு முடிவு பண்ணினோம், ஸ்ரீநகர்லயும் நினைச்சதை விட சீக்கிரமே வண்டியைத் திருப்பினோம். நாயோட போற பயணத்துல எங்க திரும்பணும்னு முடிவு பண்றது நாய்தான், அதுக்கு சம்மதம்னா கூட்டிட்டுப் போங்க, இல்லன்னா வீட்டுல நம்பிக்கையான ஆள்கிட்ட விட்டுட்டுப் போங்க. கார் ஏறினாலே எச்சில் ஒழுக்கி நடுங்குற நாய், வயசான நாய், இதயக் கோளாறு உள்ள நாயெல்லாம் ரீல்ஸ் எடுக்கணும்னு இழுத்துட்டுப் போகாதீங்க.

இன்னொண்ணும் நாய்க்காரங்களுக்குச் சொல்லணும். நமக்கு இடம் வேணும்னு கேட்கிறோம், சரி, நாய் அசிங்கம் பண்ணினா அள்ளிப் போட கையில கவர் வச்சிருக்கணும். குழந்தைங்க பயந்தா கயிறைச் சுருக்கிப் பிடிக்கணும், எங்க நாய் ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்லிட்டு நிக்கக் கூடாது, நாய் கடிச்சு கஷ்டப்பட்டவங்க எத்தனையோ பேர் இருக்காங்க, அவங்க பயம் நியாயமானது. ரேபிஸ் ஊசி வருஷா வருஷம், உண்ணிக்கு மாத்திரை கிளம்புறதுக்கு முன்னாடியே. தாபா புல்லுல ஏறுற உண்ணி ரத்தத்துல காய்ச்சலைக் கொண்டு வந்துரும், ராத்திரி படுக்கும்போது காது மடல், விரல் இடுக்கு எல்லாம் தடவிப் பார்க்கணும்.

நெடுஞ்சாலை ஆணையத்துக்கும் மாநில அரசுக்கும் உங்க பேப்பர் மூலமா கேட்டுக்கிறது இதுதான். புதுசா ஓய்விடத்துக்கு டெண்டர் விடும்போதே அந்த வேலி போட்ட இடத்தையும் குழாயையும் சேர்த்து எழுதிருங்க, கட்டி முடிச்ச பிறகு இடம் இல்லன்னு சொல்லக் கூடாது. ஏற்கனவே இருக்கிற இடத்துல பின்பக்கத்து பாட்டிலையாவது தினமும் கூட்டச் சொல்லுங்க, அங்கதான் லாரி டிரைவருங்களும் செருப்பில்லாம நடக்குறாங்க. ஆஸ்பத்திரி போர்டை நம்ம தமிழ்நாட்டுலயே ஆரம்பிக்கலாம், முதல் போர்டை நாமக்கல்ல வைங்க, கல்லூரி ஹைவேல இருந்து கொஞ்ச தூரம்தான், இப்ப போறவங்களுக்கு அது அங்க இருக்கிறதே தெரியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மதுரை.